பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு நன்றி

  

புதிய ஏற்பாட்டில் மிகப் பழமையான நூல் எது என்று கேட்டால், பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம் என்பார்கள் விவிலிய அறிஞர் பலர். ஏறத்தாழ கி.பி. 50-51இல் எழுதப்பட்டது. வாழ்த்துச் சொன்ன கையோடு பவுல் அதில் நன்றி சொல்லத் தொடங்கிவிடுகிறார். துன்பத்தில் இருந்த அந்த இளம் சபையைத் திடப்படுத்தத் திமொத்தேயுவை அனுப்பி வைத்தவர் அவர். திமொத்தேயு திரும்பி வந்து, அம்மக்களின் நம்பிக்கை தளரவில்லை என்று சொன்னபோது ஆறுதல் அடைந்தவர் யார்? பவுலேதான்! ஊக்கம் கொடுக்க நினைத்தவர் ஊக்கம் பெற்றார். அதனால்தான் அவர் உள்ளத்தில் நன்றி பொங்குகிறது.

இதே அனுபவம் நமக்கு அருகே, கடலுக்கு அப்பால் இலங்கையிலும் நடந்திருக்கிறது. நம் கண்டிகைக்கும் அங்குள்ள கண்டிக்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்தக் கண்டியில்தான் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இறையடி சேர்ந்தார் புனித ஜோசப் வாஸ்.

1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்குத் தஞ்சம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று ஆணை பிறந்தது. திருப்பலி இல்லை, ஒப்புரவு அருளடையாளம் இல்லை. இந்நிலையில், மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சில அன்னை மரியாவின் திருச்சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன என்பது மடு திருத்தலத்தின் மரபு. அவர்களை அழைத்துச் செல்லக் குரு ஒருவரும் இல்லை. பொதுநிலையினரே ஒருவருக்கொருவர் துணை. அம்மா சொல்லிக் கொடுத்த செபத்தைப் பிள்ளை சொன்னது; பக்கத்து வீட்டார் உடன் சேர்ந்து சொன்னார்கள். அப்படித்தான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் விசுவாசம் அணையாமல் இருந்தது.

கோவாவில் 1651இல் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார், மேய்ப்பரில்லாத இம்மக்களைப் பற்றிக் கேள்வியுற்று 1687இல் இலங்கை வந்து சேர்ந்தார். கொங்கணி பேசியவர் தமிழ் கற்றார், பின்பு சிங்களமும் கற்றார். குரு உடையில் வர முடியாது. எனவே பிச்சைக்காரரைப் போல், கழுத்தில் செபமாலையோடு தெருத்தெருவாக நடந்தார். அந்தச் செபமாலையைப் பார்த்து யாருடைய கண் மலர்கிறது என்று கவனித்தார். கத்தோலிக்கரை அவர் அடையாளம் கண்ட விதம் இது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அவர் முதலில் செய்தது போதனை அல்ல. கடுமையான வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார். அந்நியரான அவருக்கு உணவும் பராமரிப்பும் கொடுத்துக் காப்பாற்றியது அவ்வூரின் இரக்கமுள்ள கைகள். பிறகு சில்லாலை கிராமம் அவரை மறைத்து வைத்துக் காத்தது. பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தே கதவைத் திறந்தார்கள். ஊக்கமூட்ட வந்தவரை முதலில் தூக்கி நிறுத்தியவர்கள் அந்த ஏழை மக்கள்! 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்கள் மீது படைவீரர்கள் பாய்ந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள்; அடிகளார் தப்பினார்.

1692இல் அவர் கண்டி அரசுக்குள் சென்றபோது, போர்த்துக்கீசரின் உளவாளி என்று சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் அவரது தூய வாழ்வைக் கண்டு, பணிசெய்யும் சுதந்திரத்தை அளித்தவர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரரே கைவிட்ட நோயாளிகளை மதம் பாராமல் தேடிச் சென்று பராமரித்தார் அடிகளார். தஞ்சம் தந்த மண்ணுக்கு வாயால் சொல்லும் நன்றியைவிடப் பெரிய நன்றி அது. முருகன் மலை அடிவாரத்தில், பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு இது மனத்தில் நிற்க வேண்டிய செய்தி.

இன்னொன்றும் செய்தார். தான் போக முடியாத ஊர்களில் மூப்பர், அண்ணாவி என்னும் பொதுநிலைத் தலைவர்களை ஏற்படுத்தி, செபங்களை நடத்தவும் மறைக்கல்வி கொடுக்கவும் பொறுப்பளித்தார். ஒருவரை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதைவிடப் பெரிய ஊக்கம் உண்டா?

2015ஆம் ஆண்டு சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடு அன்னையின் திருத்தலத்துக்கும் சென்றார். காலையில் பெயர் தெரிந்த புனிதருக்கு மரியாதை. பிற்பகலில், பெயர் தெரியாத குடும்பங்கள் காத்த திருச்சுருபத்தின் முன் செபம். இரண்டும் ஒரே நாளில் அமைந்தது நமக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

அன்பிற்குரியவர்களே, நம் பங்கைப் பார்ப்போம். விடியுமுன் ஆலயக் கதவைத் திறக்கும் கோவில்பிள்ளை, ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுக்கும் ஆசிரியை, வேலை முடிந்த களைப்போடு பாடற்குழுப் பயிற்சிக்கு வரும் இளைஞர், அன்பியக் கூட்டத்துக்காகத் தம் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கும் தாய். மைக் கரகரத்தால் சொல்லிக்காட்டப் பத்துப் பேர் இருக்கிறோம். நன்றாகக் கேட்ட நாள்களில் ஒருவராவது போய்ச் சொன்னோமா? குணமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் ஒருவர்தானே திரும்பி வந்தார்! பங்குகளில் பலர் சண்டை போட்டு விலகுவதில்லை. தாம் செய்வதை யாரும் கவனிக்கவில்லை என்ற வருத்தத்தில் ஓசையின்றி ஒதுங்குகிறார்கள். அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. குருக்களாகிய நாங்களும் இறைமக்களின் ஒரு நல்ல வார்த்தையில் திடம் பெறுகிறவர்கள்தாம்.

ஒன்று மட்டும் செய்வோம். அடுத்த ஞாயிறு வருமுன், நம் பங்கில் உழைக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு நன்றி சொல்வோம். "எல்லாருக்கும் நன்றி" என்பது மேடைக்குச் சரி. உள்ளத்தைத் தொடுவது பெயரும் செயலும் சேர்ந்த நன்றி. நாம் கொண்டாடும் நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். பீடத்தில் செலுத்தும் நன்றி, வாசலைத் தாண்டி வீதிக்கும் வரட்டும்.

பெயர் தெரியாத நம் முன்னோரின் நம்பிக்கைக்காக இறைவனுக்கு நன்றி கூறி, ஒருவரையொருவர் தாங்கும் பங்காக வளர வரம் கேட்போம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.