அழுகுரலில் தொடங்கிய விசாரணை

1996 ஏப்ரல் 15. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முதல் பொது அமர்வு கூடியது. நிறவெறி ஆட்சியில் கணவனையோ மகனையோ தம் கண்பார்வையையோ இழந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தமர்ந்து தம் கதையைச் சொன்னார்கள். துயரத்தைப் பிறர்முன் சொல்வது ஆற்றுமா, அதைக் கேட்பது ஒரு சமூகத்தை மாற்றுமா என்ற வினா எழும்போதெல்லாம் நாம் அந்த மண்டபத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அவ்வாரம் சாட்சி சொன்னவர்களுள் ஒருவர் நொமோண்டே கலாட்டா. அவருடைய கணவர் ஃபோர்ட் கலாட்டாவும் மேத்யூ கொனிவே உள்ளிட்ட மூன்று தோழர்களும் 1985 ஜூன் 27 அன்று போர்ட் எலிசபெத்திலிருந்து கிராடாக்குக்குத் திரும்பும் வழியில் பாதுகாப்புப் போலீசாரால் கடத்திக் கொல்லப்பட்டனர். அப்போது நொமோண்டே கருவுற்றிருந்தார். கணவர் சென்ற கார் எரிந்து கிடந்ததை அவர் செய்தித்தாளில்தான் கண்டார். அதைச் சொல்லி வருகையில் உடல் பின்னோக்கிச் சரிய, அவரிடமிருந்து நீண்டதோர் ஓலம் வெளிப்பட்டது. அமர்வு நின்றது. அந்த ஓலத்திலிருந்துதான் ஆணையம் உண்மையில் தொடங்கியது எனப் பின்னாளில் பலர் எழுதினார்கள். சட்டம் வகுத்த எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. ஆயினும் வானொலியும் தொலைக்காட்சியும் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தவர்கள் அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர்கள். சாட்சிகள் தத்தம் தாய்மொழியிலேயே பேசலாம் என்பது ஆணையத்தின் ஏற்பாடு. மொழிபெயர்ப்பாளரோ ‘அவர் சொல்கிறார்’ என்று விலகி நிற்க இயலாது. ‘நான்’ என்றே பெயர்த்தாக வேண்டும். ‘என் மகனைக் கொன்றார்கள்’ என்று தாயின் நாவாகப் பேசிய அதே குரல், வேறோர் அமர்வில் ‘நான் கொன்றேன்’ என்று குற்றவாளியின் நாவாகவும் பேச நேர்ந்தது. இவர்களிற் பலர் மனம் நொறுங்கிப் போயினர். பிறர் நோயைத் தன் நோய்போல் போற்றாத அறிவினால் என்ன பயன் என்று கேட்ட மொழி நம்முடையது. அப்படிப் போற்றுவதற்கு விலை உண்டு என்பதை இவர்களிடம் கண்டோம்.

பெண்களின் சாட்சியங்களில் இன்னொன்று புலப்பட்டது. வந்த பெண்களிற் பெரும்பாலோர் கணவனுக்கு நேர்ந்ததையும் மகனுக்கு நேர்ந்ததையும் சொன்னார்களேயன்றித் தமக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. இதை உணர்ந்த ஆணையம் பெண்களுக்கெனத் தனி அமர்வுகளை நடத்தியது. சொல்வதற்கு மேடை மட்டும் போதாது, கேட்கத் தகுந்த செவிகளும் அங்கே இருக்க வேண்டும்.

இனி கசப்பான பகுதி. ஏறத்தாழ 21,000 பேர் ஆணையத்திடம் வாக்குமூலம் அளித்தனர். பத்தில் ஒருவருக்கே பொது அமர்வில் பேச வாய்த்தது. ஆறாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அரசோ 2003இல் ஒருமுறைத் தொகையாக 30,000 ராண்டு மட்டும் அறிவித்தது. கிராடாக் நால்வரின் கொலைக்குப் பொது மன்னிப்புக் கோரிய போலீசாருக்கு 1999இல் அது மறுக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள்மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஒவ்வொருவராக அவர்கள் இறந்த பின்னரே, 2025 ஜூனில், புதிய மரண விசாரணை தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து அக்குடும்பத்தினர் அதே கதையை மீண்டும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே, சொன்னதும் காயம் ஆறிவிடும் என்று நாம் எளிதாக எழுதிவிடலாகாது. பார்வையைப் பறிகொடுத்த ஒருவர், இங்கு வந்து கதையைச் சொன்னது கண்ணொளி திரும்பியது போலிருக்கிறது என்று அந்த ஆணையத்தின் முன் கூறியதும் உண்மை. சொன்ன பின்னர் எதுவும் நிகழாததால் புண் மீண்டும் பிளந்ததாகப் பலர் வருந்தியதும் உண்மை.

ஆயினும் ஒன்று எஞ்சியது. 1995இல், ஆணையம் அமையவிருந்த வேளையில், பாதிக்கப்பட்டோரே கூடி ‘குலுமானி’ என்ற அமைப்பைத் தொடங்கினர். சுலு மொழியில் அதற்குப் ‘பேசுங்கள்’ என்று பொருள். ஆணையம் கலைந்த பின்பும் அது கலையவில்லை. ஒருவர் கதையை ஒருவர் கேட்டுப் பழகியவர்கள் இழப்பீடு கோரி வீதிக்கு வந்தார்கள். 2002இல் பன்னாட்டு நிறுவனங்களுக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் வரை சென்றார்கள். அழுகை அங்கே கோரிக்கையாக வளர்ந்தது.

அந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்த யாஸ்மின் சூக்கா, 2010இல் இலங்கைப் போர் குறித்து ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழுவிலும் இடம்பெற்றார். சொல்லப்படாத கதைகள் நம் மொழியிலும் நிரம்பக் கிடக்கின்றன. அவற்றைச் சொல்ல யாரேனும் வாய்திறக்கும் நாளில், கேட்டு முடித்த பிறகு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை இப்போதே நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.