மதுவும் மனக்கலக்கமும்: காஞ்சி நகர் காட்டும் பாடம்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் கோயில்களையும் பட்டையுமே பெரிதும் பேசுவர். அந்நகரின் தெருக்களைக் கண்முன் நிறுத்தும் பழைய நூலொன்று குடிமயக்கத்தையே கருப்பொருளாகக் கொண்டது என்பதைப் பலர் அறியார். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகமே அது. நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாக இருந்த அந்நூலை 1917ஆம் ஆண்டில் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் அச்சேற்றினார்.

அதன் கதை மிகச் சிறியது. சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் மது மயக்கத்தில் காஞ்சித் தெருக்களில் திரிகின்றான். திடீரென்று, தன் கையிலிருந்த மண்டையோட்டைக் காணவில்லை என உணர்கின்றான். அதுவே அவனுடைய பிச்சைப் பாத்திரம். அவன் பூண்ட விரதத்தின் அடையாளமும் அதுவே. எங்கே வைத்தோம் என்பது நினைவில் இல்லை. நெஞ்சு பதறுகின்றது. அவ்வழியே வந்த நாகசேனன் என்னும் பௌத்தத் துறவியின்மீது திருட்டுப் பழியைச் சுமத்துகின்றான். வழக்கு முற்றுகின்றது. இறுதியில், ஒரு நாய் அதைத் தூக்கிச் சென்றதும், பித்தன் ஒருவன் நாயிடமிருந்து அதைக் கைப்பற்றியதும் தெரிய வருகின்றன.

அக்காலச் சமயப் பிரிவினரை எள்ளி நகையாடுவதே மன்னனின் நோக்கம் என்பர். ஆயினும் அந்நாடகத்தில் நிகழ்ச்சிகள் வரும் வரிசையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் மயக்கம், அடுத்து மறதி, மறதியால் அச்சம், அச்சத்தால் ஐயம், ஐயத்தால் பகை. கவலையை மறக்கக் குடிப்பதாகச் சொல்வார்கள். அந்தக் காபாலிகனுக்கோ, குடித்த பிறகுதான் கவலையே பிறந்தது.

அரபு மொழியில் மதுவைக் குறிக்கும் 'கம்ரு' என்னும் சொல், மூடுதல், மறைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. தலையை மூடும் துணிக்கு 'கிமார்' என்று பெயர் வந்ததும் அவ்வேரிலிருந்தே. அறிவை மூடுவதெல்லாம் கம்ரு என விளக்கினார்கள் உமர் (ரலி) அவர்கள். திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் மதுவை விலக்கும் இடத்தில், அது மனிதரிடையே பகையையும் வெறுப்பையும் விளைவிப்பதையே காரணமாக எடுத்துரைக்கின்றது. 'ஆல்கஹால்' என்னும் இன்றைய பெயரும் அரபு மூலமுடையதே. 'அல்குஹ்ல்' என்பது கண்ணுக்கு இடும் சுர்மாப் பொடி. ஐரோப்பிய இரசவாதிகளின் கையில் அச்சொல் பொருள் மாறி, வடித்தெடுத்த சாராயத்தின் பெயராயிற்று.

மனக்கலக்கத்தை ஒரு நோயாகவே கண்ட அறிஞரும் நம் மரபில் இருந்தார். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனும் தீய எண்ணங்களின் நச்சரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும் என்பது அன்னாரின் கருத்து. காரணமின்றி நெஞ்சு படபடப்பவனைக் 'கோழை' என்று ஏசுவோர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இவ்வுண்மையை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, இன்றைய மருத்துவம் கூறுவதைக் காண்போம். மூளையில் கிளர்ச்சியை அடக்கும் 'காபா' என்னும் பொருளும், கிளர்ச்சியை எழுப்பும் 'குளுட்டமேட்' என்னும் பொருளும் உண்டு. மது முதலாவதின் வேலையை மிகுவித்து, இரண்டாவதின் வேலையைக் குறைக்கின்றது. ஆகவே சிறிது நேரம் பதற்றம் தணிவது மெய்யே. அம்மெய்தான் மனிதனை ஏமாற்றுகின்றது. நாள்தோறும் குடிக்கும்போது மூளை அதற்கு ஈடுசெய்யத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. மதுவின் வேகம் இறங்கியதும், கிளர்ச்சி முன்னிருந்ததைவிட மேலோங்கி நிற்கின்றது. நள்ளிரவில் உறக்கம் கலைகின்றது; விடியலில் படபடப்பு, வியர்வை, கைநடுக்கம். முன்னரே பதற்ற நோயுடையவருக்கு இத்துன்பம் இரட்டிப்பாகின்றது. அதைத் தணிக்க மீண்டும் குடிக்கின்றார்.

கடன் வாங்கியோர் இதனை எளிதில் உணர்வர். இரவில் கிடைத்த அமைதி மறுநாளிடமிருந்து வாங்கிய கடன். விடிந்ததும் அது வட்டியுடன் வசூலிக்கப்படுகின்றது. காஞ்சியின் தறிக்குழியில் அமர்ந்து, கோர்வைச் சேலையின் உடலையும் கரையையும் இழை பிசகாமல் இணைப்பவருக்குக் கைவிரல்தான் முதல். அவ்விரல் காலையில் நடுங்குமாயின், வட்டி பிடித்தம் ஆவது அன்றைய கூலியிலும் அல்லவா?

நாட்டின் சட்டமும் இந்நூற்றாண்டுகளில் பலமுறை மாறிற்று. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் பரவிற்று. காஞ்சிபுரத்தில் 1909இல் நெசவாளர் மரபில் தோன்றிய அறிஞர் அண்ணா, 1967இல் முதலமைச்சரான பின்னும் அதனைக் கைவிடவில்லை. 1971இல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் திரும்பவும் வந்து, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடை திறப்பதும் மூடுவதும் ஊருக்குப் பெரிய செய்திதான். ஆனால் கடைக்கு ஒருவனை அனுப்பிய அச்சத்தை எந்தச் சட்டமும் தொட்டதில்லை.

நம் குடும்பங்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மது ஹராம் என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. அதனாலேயே, குடிப்பவர் நம் வீட்டில் இருந்தால் அதை மறைக்கின்றோம். மறைப்பதால் சிகிச்சையும் தள்ளிப்போகின்றது. ரமலான் பிறை கண்ட இரவில் "இனித் தொடமாட்டேன்" என்று உறுதி பூண்டு, பல்லாண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்துவோர் உண்டு. எண்ணம் உயர்ந்தது, ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த உடலுக்கு அதில் ஆபத்து உண்டு. முதல் நாளிலேயே கைநடுக்கமும் படபடப்பும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி, இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதும் நேரலாம். உயிருக்கே கேடு நேர்வதுண்டு. "பயந்துவிட்டான், ஓதிப் பார்க்க வேண்டும்" என்று வீட்டார் நாளைக் கடத்திவிடக் கூடாது. ஓதுங்கள்; ஆனால் அதற்கு முன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தவ்பா ஒரு நொடியில் நிகழலாம். உடல் தேறச் சில நாட்கள் வேண்டும். அந்நாட்களில் மருத்துவர் தரும் மருந்தும் தயமின் உயிர்ச்சத்தும் உயிரைக் காக்கும். நோயாளி விட்ட நோன்பைப் பின்னர் நோற்கத் திருமறையே அனுமதி தந்துள்ளது. குடி நின்ற பின்னும் பதற்றம் நீடிக்குமாயின், அதற்கும் தனியே சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் உள்ளனர். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, குடிநோய்க்கெனவே மருத்துவமனை நடத்துகின்றது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

காஞ்சியின் காபாலிகன் தான் இழந்ததைத் தேடி, குற்றமற்ற ஒருவரின் மடியில் கைவைத்தான். நம் வீட்டுப் பிள்ளை இழந்திருப்பது மன அமைதி. அவன் அதைப் புட்டியில் தேடுகின்றான் என்று ஏசுவதோடு நில்லாமல், எப்போது எங்கே அதை இழந்தான் என்று அருகில் அமர்ந்து கேட்பதே குடும்பத்தாரின் முதற் கடமை.