‘நாங்கள்’ இல்லாத போர்: ‘தி பசிபிக்’ தொடரும் ஓர் ஒப்பீடும்

‘தி பசிபிக்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி 2010 மார்ச் 14 அன்று எச்.பி.ஓ. அலைவரிசையில் ஒளிபரப்பானது. அன்று முதல் அத்தொடரைப் பற்றிய பேச்சு எதுவும் அதன் தமையனின் பெயரைச் சொல்லாமல் முடிவதில்லை. 2001 செப்டம்பரில் வெளிவந்த ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ அந்தத் தமையன். இரண்டையும் தயாரித்தவர்களில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் டாம் ஹாங்க்ஸும் முதன்மையானவர்கள். இரண்டும் பத்துப் பகுதிகள் கொண்டவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர் பட்ட பாடுதான் இரண்டுக்கும் பொருள். ஆகவே ஒப்பீடு எழுவது இயல்பு. ஆனால் ஒப்பிட்டவர்கள் வழங்கிய தீர்ப்பு ஆராயத்தக்கது. இளைய தொடரில் கதை துண்டுதுண்டாக நிற்கிறது, மாந்தர்கள் மனத்தில் பதியும் முன்பே மறைந்துவிடுகிறார்கள், பார்வையாளர் பற்றிக்கொள்ள ஒரு குழு இல்லை என்பன அத்தீர்ப்பின் வாசகங்கள். எட்டு எம்மி விருதுகள் பெற்றும் அது மாறவில்லை. 2024இல் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’ வந்தபோது மூன்றையும் தரவரிசைப்படுத்தும் வேலை மறுபடியும் நடந்தது.

இக்குற்றச்சாட்டுகள் பொய்யல்ல. தொடர் துண்டுபட்டுத்தான் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தத் துண்டுபட்ட தன்மை திரைக்கதையின் கோளாறா, அது சொல்ல வந்த போரின் இயல்பா?

இரு தொடர்களின் மூலநூல்களிலிருந்து தொடங்கலாம். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ 1992இல் வெளியான ஸ்டீவன் ஆம்புரோஸின் வரலாற்று நூலை அடியொற்றியது. 101ஆம் வான்வழி டிவிஷனைச் சேர்ந்த ஈஸி கம்பெனியின் முன்னாள் வீரர்களை 1980களின் இறுதியில் சந்தித்து, அவர்கள் கூடிப் பேசியவற்றைத் தொகுத்து ஆம்புரோஸ் எழுதிய நூல் அது. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக ஒருவரையொருவர் தேடிச் சென்று, ஒரே சம்பவத்தைப் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேற்றிய ஒரு சமூகத்தின் கூட்டு நினைவு. ‘தி பசிபிக்’ தொடருக்கோ அடித்தளம் இரண்டு தன்வரலாறுகள். ராபர்ட் லெக்கியின் ‘ஹெல்மெட் ஃபார் மை பில்லோ’ 1957இலும், யூஜின் ஸ்லெட்ஜின் ‘வித் தி ஓல்டு பிரீட்’ 1981இலும் வெளியாயின. இவற்றோடு, தன்வரலாறு எழுதும் வாய்ப்பே இல்லாமல் போரில் இறந்த ஜான் பேசிலோனின் வாழ்க்கை மூன்றாவது இழையாகச் சேர்ந்தது.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சுட்டுவது எளிது. தன்மைப் பன்மைக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உள்ளடக்குவது ‘நாம்’. கேட்பவரை வெளியே நிறுத்திப் பேசுவோர் தம்மை மட்டும் குறிப்பது ‘நாங்கள்’. ஈஸி கம்பெனியின் கதை முழுக்க ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குரிய கதை. பகுதிகளின் தொடக்கத்தில் வந்து பேசும் முதியவர்களின் பெயர்கள் கடைசிப் பகுதிவரை மறைக்கப்பட்டிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. பேசுவது தனிமனிதர் அல்லர், குழு. பார்வையாளருக்கு அது தரும் பெரிய இன்பம், தமக்கு உரிமையில்லாத அந்த ‘நாங்கள்’ பத்து மணி நேரத்தில் மெல்ல ‘நாம்’ ஆவதுதான். லெக்கியும் ஸ்லெட்ஜும் எழுதியவை ‘நான்’ என்ற சொல்லில் நிலைகொண்டவை. 1951இல் ‘சவுத் பசிபிக்’ இசைநாடகத்தைக் காணச் சென்ற லெக்கி பாதியில் எழுந்து வெளியேறினார் என்பதும், உண்மையில் நடந்ததைத் தாமே எழுத வேண்டும் என்ற உந்துதல் அங்கிருந்து வந்தது என்பதும் அறியப்பட்ட செய்தி. ஸ்லெட்ஜ் தம் சட்டைப்பையில் வைத்திருந்த புதிய ஏற்பாட்டுப் பிரதியின் பக்கங்களில் களத்திலேயே குறிப்பெடுத்தார். பல பத்தாண்டுகள் கழித்துத் தம் குடும்பத்தினர் அறிவதற்காக அவற்றை விரித்து எழுதினார். நூலாக வெளியிடுவது பின்னர் தோன்றிய எண்ணம். இவ்விரு குரல்களையும் ஒட்டி ஒரு குழுவின் கதையைச் செய்திருந்தால் அதுவே மூலங்களுக்குச் செய்த துரோகமாகியிருக்கும்.

கூட்டு நினைவுக்கும் அதற்கேயுரிய பிசகுகள் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ மூன்றாம் பகுதி ஆல்பர்ட் பிளைத் என்ற வீரரை மையமாகக் கொண்டது. அவர் காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்தார் என்ற எழுத்துடன் பகுதி முடியும். உண்மையில் பிளைத் படைப்பணியில் தொடர்ந்து 1967இல்தான் இறந்தார். தோழர்கள் அவரை மீண்டும் சந்திக்கவில்லை; ஆகவே அவர் இறந்துவிட்டதாகக் குழு நம்பியது; நம்பியது வரலாறாயிற்று. இதைக் கொண்டு மூத்த தொடரைத் தாழ்த்துவது நோக்கமன்று. ‘நாங்கள்’ என்ற குரல் கேட்க இனிமையானது. ஆனால் குழுவை விட்டு விலகியவரை அது மறந்துவிடும்.

அடுத்தது காலமும் வெளியும். ஈஸி கம்பெனியின் போர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் தொடங்கி, 1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தபோது முடிந்தது. பதினொரு மாதங்கள். நார்மண்டி, ஹாலந்து, பாஸ்டோன், பெர்க்டெஸ்காடன் என்று வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் அது மேற்கிலிருந்து கிழக்காக எதிரியின் வீட்டுவாசல்வரை போகும். வழியில் விடுவிக்கப்பட்ட ஊர்கள், மாலையிடும் மக்கள், மதுக்கிடங்குகள். கதைக்கு வேண்டிய தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் நிலப்பரப்பிலேயே கிடந்தன.

முதல் மரைன் டிவிஷனின் போரோ 1942 ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனால் தீவில் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அது ஈடுபட்ட பெரும் களங்கள் நான்கே: குவாடல்கனால், 1943 டிசம்பரில் கேப் குளோஸ்டர், 1944 செப்டம்பரில் பெலிலியு, 1945 ஏப்ரலில் ஒகினாவா. ஒவ்வொன்றுக்கும் இடையே நெடிய மாதங்கள். அந்த இடைவெளிகளில் அழுகிய தேங்காய்களும் எலிகளும் நண்டுகளும் நிறைந்த பவுவு தீவில் முகாம், அல்லது மெல்போர்ன். கிரிக்கெட் வழியாக மட்டுமே மெல்போர்ன் மைதானத்தை அறிந்த இந்தியப் பார்வையாளருக்கு, 1943இல் லெக்கியின் படைப்பிரிவு அதன் பார்வையாளர் அடுக்குகளில் படுத்துறங்கியது வியப்பளிக்கலாம். லெக்கியும் பேசிலோனும் ஸ்லெட்ஜும் ஒரே டிவிஷனின் மூன்று வெவ்வேறு ரெஜிமென்ட்களில் பணியாற்றியவர்கள். அவர்களை உறுதியாக இணைக்கும் ஒரே கண்ணி சிட்னி பிலிப்ஸ். ஸ்லெட்ஜின் இளமைக்கால நண்பரான அவர் லெக்கியின் கம்பெனியில் இருந்தார். மற்றபடி இம்மூவரையும் ஒரே பதுங்குகுழியில் உட்காரவைத்து நட்புப் பாராட்டச் செய்ய வரலாறு இடம் தரவில்லை.

கேப் குளோஸ்டரைக் காட்டும் நான்காம் பகுதியில் எதிரியைவிட மழையே அதிகம் தாக்குகிறது. லெக்கி சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாத நோயோடு பனிகா தீவின் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். ஒரு போர்த்தொடரின் நாயகனுக்கு இத்தகைய நோயைக் கொடுக்கத் துணிந்த எழுத்தாளர்கள் குறைவு. அதை லெக்கியே தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருந்தார். (கேப் குளோஸ்டர் நியூ பிரிட்டன் தீவின் மேற்கு முனை. அதே தீவின் கிழக்கு முனையிலுள்ள ரபவுல் பகுதியில், சிங்கப்பூரில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான இந்தியப் போர்க்கைதிகள் ஜப்பானியருக்குக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டார்கள். அவர்களைப் பற்றித் தொடர் எடுக்கும் கடமை ஹாலிவுட்டுக்கு இல்லை. நமக்கு உண்டா என்பது தனிக் கட்டுரைக்குரியது.)

தொடரின் நெஞ்சுப்பகுதி பெலிலியு. ஐந்து, ஆறு, ஏழு என மூன்று பகுதிகள் அந்தச் சின்னஞ்சிறு பவளத்தீவிலேயே நிற்கின்றன. 1944 செப்டம்பர் 15 அன்று தரையிறங்குமுன், சில நாட்களில் வேலை முடிந்துவிடும் என்று டிவிஷன் தளபதி ரூபர்ட்டஸ் கணித்தார். முடிய 73 நாட்களாயின. மெக்கார்தரின் பிலிப்பைன்ஸ் படையெடுப்புக்குப் பக்கக்காவலாக அத்தீவு தேவை எனக் கருதப்பட்டது. தாக்குதலுக்கு முன்பே அதைக் கைவிடலாம் என்று அட்மிரல் ஹால்சி பரிந்துரைத்தும் திட்டம் நிறுத்தப்படவில்லை. மரைன் டிவிஷனில் மட்டும் 6,500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். ஜப்பானியக் காவற்படையினர் ஏறத்தாழ 10,900 பேரில் பிழைத்தவர் மிகச் சிலரே. ஸ்லெட்ஜின் கம்பெனியில் இறங்கிய 235 பேரில் காயமின்றி மீண்டவர் 85.

இந்த எண்களைத் தொடர் எவ்வாறு காட்சியாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறாம் பகுதியில் நிழலற்ற விமானத்தளத்தைக் கடக்கும் தாக்குதல் உலகறிந்த காட்சி. அதைவிட முக்கியமானது தண்ணீர். எண்ணெய் இருந்த பீப்பாய்களைச் சரிவரக் கழுவாமல் நீர் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். நாற்பது டிகிரிக்கும் மேலான வெயிலில் வீரர்கள் அதைக் குடித்து வாந்தியெடுத்தார்கள். லெக்கி அந்தத் தளத்தில் குண்டுவெடிப்பில் காயமுற்று அப்புறப்படுத்தப்படுகிறார். பிறகு அவர் போருக்குத் திரும்பவே இல்லை. முதல் பகுதியிலிருந்து பார்வையாளர் பழகிவந்த மனிதர் பாதிவழியில் களத்திலிருந்து மறைவதைக் கட்டமைப்புக் குறை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். லெக்கிக்கு நேர்ந்தது அதுதான். படைத்தலைவர் ஹால்டேனின் சாவும் அப்படியே: வீர உரை இல்லாமல், குன்றுகளுக்கிடையே ஒரு தோட்டாவில் முடிந்துபோகிறது.

இத்தொடர் கொடூரத்தைக் காட்டி அதிர்ச்சி விற்கிறது என்றும் சிலர் எழுதினார்கள். நூலோடு ஒப்பிட்டால் நிலைமை தலைகீழ். ஒகினாவாவில் புண்ணழுகிக் கிடந்த ஒரு மூதாட்டி தம்மைச் சுட்டுவிடும்படி ஸ்லெட்ஜிடம் சைகையால் வேண்டுகிறார். ஸ்லெட்ஜ் மருத்துவ உதவியாளரை அழைத்துவரப் போனபோது வேறொரு வீரர் அவரைச் சுட்டுவிடுகிறார்; நூலில் உள்ளது இது. தொடரிலோ, சாகும் பெண்ணை ஸ்லெட்ஜ் மடியில் ஏந்திக்கொள்கிறார். அவர் அக்கரங்களிலேயே உயிர்விடுகிறார். திரைக்கு வந்தபோது உண்மை மென்மையாக்கப்பட்டிருக்கிறது. இறந்தவரின் தங்கப் பற்களைப் பிடுங்க முனையும் ஸ்லெட்ஜைக் கிருமிகளைக் காரணம் காட்டித் தடுத்தவர் நூலில் ஒரு மருத்துவ உதவியாளர். தொடரில் அவ்வேலை ஸ்னாஃபுவுக்குத் தரப்பட்டது. இந்த மாற்றம் நல்ல மாற்றம். பிணங்களிடம் பற்களைப் பிடுங்கிப் பழகியவனே மற்றொருவன் தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்று தடுக்கிறான். ஆனால் அதை அறமாகச் சொல்லத் தெரியாமல் சுகாதாரமாகச் சொல்கிறான். ரமி மாலெக் அக்காட்சியில் நடித்ததை இன்னும் அதிகம் பேசியிருக்கலாம்.

மூத்த தொடரின் ஒன்பதாம் பகுதியில் வீரர்கள் ஒரு வதைமுகாமைக் கண்டடைகிறார்கள். பட்ட துன்பத்துக்கெல்லாம் பொருள் அங்கே கிடைத்துவிடுகிறது. பகுதியின் தலைப்பே நாம் ஏன் போரிடுகிறோம் என்பதுதான். இளைய தொடரின் ஒன்பதாம் பகுதி ஒகினாவா. அங்கே வீரர்கள் காண்பது குடிமக்களின் பிணங்கள்; அவற்றில் ஒரு பகுதிக்குத் தாமே காரணம். பசிபிக் போரில் இருதரப்பிலும் ஊறியிருந்த இன வெறுப்பை ஜான் டவர் 1986இல் வெளியிட்ட ‘வார் வித்அவுட் மெர்சி’ நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்கு மிக அருகில் வந்த வெகுசன ஆக்கங்களுள் ‘தி பசிபிக்’ ஒன்று. பார்வையாளருக்கு ஆறுதல் தரும் பகுதி அதில் இல்லை என்பதே அதன் மேல் உள்ள வருத்தம் என்றால், அந்த வருத்தம் போரின் மீது கொள்ள வேண்டியது.

எட்டாம் பகுதி பற்றிய புகாரும் இதைச் சேர்ந்ததே. இவோ ஜிமா போன்ற பெரும்போருக்கு ஒரு பகுதியின் கடைசிச் சில நிமிடங்கள்தானா என்று கேட்கிறார்கள். அப்போர் 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை நடந்தது. பேசிலோன் இறந்தது பிப்ரவரி 19. அவருக்கு அப்போர் சில மணி நேரம்தான்.

இத்தொடரில் குறையே இல்லை என்பதல்ல. பேசிலோன் போர்ப்பத்திரம் விற்க ஊர் ஊராகப் போகும் காட்சிகள் தளர்ந்து நடக்கின்றன. ஜப்பானியருக்கு முகம் கொடுக்கும் தருணங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முதல் பகுதியில் இறந்த வீரரின் உடைமைகளை லெக்கி புரட்டும் காட்சி அவற்றுள் ஒன்று. 2006இல் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ வந்தபிறகு இதற்குச் சமாதானம் சொல்வது கடினம். ஆனால் இக்குறைகளை ஒப்பீட்டாளர்கள் அதிகம் சுட்டுவதில்லை. ஈஸி கம்பெனி இல்லையே என்ற ஏக்கமே அவர்களை நிறைத்துவிடுகிறது.

பத்தாம் பகுதியில் போர் முடிந்து ரயிலில் திரும்பும்போது நியூ ஆர்லியன்ஸ் நிலையம் வருகிறது. ஸ்னாஃபு மூட்டையை எடுத்துக்கொண்டு எழுகிறான். எதிரில் ஸ்லெட்ஜ் உறங்குகிறார். பெலிலியுவிலும் ஒகினாவாவிலும் ஒரே பீரங்கிக்குழுவில் இருந்தவர்கள். ஸ்னாஃபு சற்று நேரம் பார்த்து நிற்கிறான். எழுப்பாமல் இறங்கிப் போய்விடுகிறான். ஸ்லெட்ஜின் நூல் அச்சாகும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், பழைய தோழர்கள் எவரோடும் அவன் தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை.