கோப்பு இருக்கு, ஆனா கிடைக்கலை: செட்டிங்ஸ் வழியே ஜாங்கோவின் காலத்தைக் கணிப்பது

ஜாங்கோவில் வேலை பார்த்த எல்லாருக்கும் 'டெம்ப்ளேட் டஸ் நாட் எக்சிஸ்ட்' என்ற பிழைச்செய்தி பழக்கம். டெம்ப்ளேட் இல்லையாம். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்பு கண் முன்னாடி இருக்கும். அது கோப்பைப் பற்றிய செய்தியே இல்லை. "நான் தேடின இடங்களில் இல்லை" என்பதுதான் அதன் பொருள். அந்த 'தேடின இடம்' பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கு. அதனால் பழைய ப்ராஜெக்ட் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அது எந்தக் காலத்தது என்பதைத்தான். ஆட்சியாண்டு சிதைந்த கல்வெட்டுக்கு எழுத்தமைதியை வைத்துக் காலம் சொல்வது போல, இங்கே செட்டிங்ஸ் கோப்பு போதும்.

ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்தில் வெளிவரும் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டின் இணையப் பிரிவில், ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் தொடங்கியது. 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. பக்க வடிவமைப்பாளர்கள் பைத்தான் தெரியாமலே டெம்ப்ளேட்டைத் திருத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணங்களில் ஒன்று. டெம்ப்ளேட்களை நிரலிலிருந்து தள்ளி, தனி ஃபோல்டரில் வைத்து, அதன் முழுப் பாதையையும் செட்டிங்ஸில் எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். அந்த அமைப்புக்குப் பெயர் 'டெம்ப்ளேட்_டிர்ஸ்'. முழுப் பாதை என்பதால், சர்வர் மாறினால் பக்கம் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அமைப்பு ஒரு ட்யூப்பிள். உள்ளே ஒரே ஒரு பாதை இருந்தால் கடைசியில் காற்புள்ளி போடணும்; மறந்தால் பைத்தான் அதை வெறும் சரமாக எடுத்துக்கொள்ளும். இது எவ்வளவு பேருக்கு நடந்திருந்தால், ஜாங்கோவே தன் நிரலுக்குள் அதைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும் வரியைச் சேர்த்திருக்கும்! பின்னாளில் அந்தக் கருணையை விலக்கிக்கொண்டார்கள். எச்சரித்தார்கள், பிறகு பிழையாகவே காட்டினார்கள். சரியான முடிவுதான். 1.9-இல் ட்யூப்பிளாக இருந்த இயல்பு அமைப்புகளையெல்லாம் லிஸ்ட்டாக மாற்றியதும் காற்புள்ளித் தொல்லை ஓய்ந்தது.

விவரம் தெரிந்தவர்கள் முழுப் பாதையை எழுதாமல், செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் கணக்கிட்டு, பக்கத்திலேயே டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரை வைத்தார்கள். 'டிர்நேம்' ஒரே ஒரு தடவை. 2012 மார்ச்சில் வந்த 1.4 இதில் கை வைத்தது. புதிய ப்ராஜெக்ட் அமைப்பில் மேனேஜ் கோப்பு வெளியே, செட்டிங்ஸ் ஒரு படி உள்ளே. இப்போது ஒரு டிர்நேம் போதாது, இரண்டு வேணும். 1.6-இல் அதுவே 'பேஸ்_டிர்' என்ற பெயரோடு வந்தது. 3.1-இல் பாத்லிப் வடிவம் எடுத்து, பேரன்ட் டாட் பேரன்ட் ஆனது. ஆக, டிர்நேம் ஒன்றா, இரண்டா, பேரன்ட்டா என்று பார்த்தாலே காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

பெரிய மாற்றம் 2015 ஏப்ரலில், 1.8-இல். டெம்ப்ளேட்_டிர்ஸ், டெம்ப்ளேட்_லோடர்ஸ் எல்லாம் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற ஒரே அமைப்புக்குள் போயின. ஜின்ஜா2-வும் அதிகாரபூர்வமாக உள்ளே வந்தது. 1.10-இல் பழைய அமைப்புகளை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு டெம்ப்ளேட்_டிர்ஸ் வரி கோப்பில் இருக்கும், ஆனால் டெம்ப்ளேட் தேடும்போது அதைக் கேட்க ஆள் கிடையாது.

நான் கொஞ்ச காலமாக உதவி வரும் ஒரு சிறிய வாசகசாலையின் பட்டியல் தளம் இந்த இடத்தில்தான் விழுந்து கிடந்தது. பழைய இதழ்களின் பொருளடக்கத்தைச் சிலர் பல வருஷம் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றியது. வேறு எங்கும் அந்தப் பட்டியல் கிடையாது. சர்வர் மாறியபோது ஒரு தன்னார்வலர் அதை 1.11-க்கு நகர்த்தியிருந்தார். பைத்தான் 2-இல் ஓடும் கடைசி ஜாங்கோ பதிப்பு அது. செட்டிங்ஸைப் புதிய முறைப்படி ஒரு படி உள்ளே தள்ளி, புதிய டெம்ப்ளேட்ஸ் அமைப்பையும் ஒட்டியிருந்தார். அதில் 'டிர்ஸ்' காலி. கீழே பழைய டெம்ப்ளேட்_டிர்ஸ், ஒற்றை டிர்நேமோடு, அப்படியே.

விளைவு என்னன்னா, அட்மின் மட்டும் ஜம்முனு ஓடியது. அதன் டெம்ப்ளேட்கள் அட்மின் ஆப்புக்குள்ளேயே இருப்பவை. 'ஆப்_டிர்ஸ்' இயங்கினால் போதும். பொதுமக்கள் பக்கங்களின் டெம்ப்ளேட்களும் ஆப்புக்குள்தான் இருந்தன, ஆனால் அவை நீட்டிக்கும் 'பேஸ்' கோப்பு ப்ராஜெக்ட் ஃபோல்டரில். பட்டியல் பக்கத்தைத் திறந்தால் பிழை பேஸ் கோப்பின் பெயரில் வரும். டிபக் நிலையில் வரும் பிழைப் பக்கத்தில் 'டெம்ப்ளேட் லோடர் போஸ்ட்மார்ட்டம்' என்ற பகுதி இருக்கு. தேடிய ஒவ்வொரு பாதையையும் வரிசையாகச் சொல்லும். அதை வாசித்தாலே பாதி வேலை முடிந்தது. டிர்ஸில் பேஸ்_டிரோடு ஒரு பாதை சேர்த்தோம், பக்கங்கள் வந்தன. இரண்டு கோப்புகள் மட்டும் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டால் அடம் பிடித்தன. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

இதெல்லாம் சத்தம் போடும் பிழைகள். எனக்குப் பயம் சத்தம் போடாத வகைதான். அதே தளத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' பக்கத்தைத் திறந்தால், வாசகசாலையின் தமிழ்ப் பக்கத்துக்குப் பதில் ஜாங்கோ அட்மினின் பக்கம் வந்து நின்றது. பிழையே இல்லை. தேடும் முறை எளிது: முதலில் டிர்ஸ், பிறகு 'இன்ஸ்டால்டு_ஆப்ஸ்' வரிசையில் ஒவ்வொரு ஆப்பாக, முதலில் கிடைத்தது எடுத்துக்கொள்ளப்படும். 'ரெஜிஸ்ட்ரேஷன்' ஃபோல்டருக்குள் கடவுச்சொல் மீட்புக்கான டெம்ப்ளேட் அட்மினிடமும் உண்டு, இவர்களிடமும் உண்டு, ஒரே பெயரில். பட்டியலில் அட்மின் மேலே இருந்ததால் அதற்கே வெற்றி. இவர்கள் ஆப்பை அட்மினுக்கு மேலே ஏற்றினோம், சரியாச்சு. ஒவ்வொரு ஆப்பும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள் தன் பெயரில் இன்னொரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்த மோதலுக்காகத்தான். புதிதாக வருபவர்களுக்கு அது வீண் வேலையாகத் தெரியும்.

டெம்ப்ளேட்கள் கிடைத்த பிறகுதான் அவற்றுக்குள் இருப்பது வெளியே தெரிந்தது. பல கோப்புகளின் தலையில் 'லோட் யூஆர்எல் ஃப்ரம் ஃப்யூச்சர்' என்ற வரி. 1.3-இல் வந்து 1.9-இல் போன வரி அது. ஆக, இந்தத் தளத்தை 1.3 காலத்தில், 1.4-இன் புது அமைப்பு வருவதற்கு முன் கட்டியிருக்கணும். ஒற்றை டிர்நேமும் அதையேதான் சொன்னது. அந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்கிறோம். இதழ்ப் பட்டியல் பக்கம் முடிந்தது, தேடல் பக்கம் பாக்கி.