பதினைந்து நோயாளிகளும் ஒரு விளக்கும்

புதிதாகத் தொண்டு நிறுவனம் தொடங்குபவர்கள் முதலில் எழுதுவது அதன் நோக்கத்தை. 'சமூக மேம்பாடு', 'ஏழை எளியோர் நலன்' என்று அதில் வரும் சொற்களை எவரும் மறுக்க முடியாது. அதனாலேயே அவை எவரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. தமிழகத்தில் அறத்தை எழுதிவைக்கும் வழக்கம் இப்படிப் பொத்தாம்பொதுவாக இருக்கவில்லை. கோயில் சுவர்களிலுள்ள நிவந்தக் கல்வெட்டுகள் யாருக்கு, எவ்வளவு, எந்த வருவாயிலிருந்து, யார் பொறுப்பில் என்று அளந்து சொல்கின்றன. பின்னால் வருபவர் கணக்குக் கேட்க வழிவைப்பதே நோக்கத்தை எழுதுவதன் பயன் என்பதை அவற்றைப் பொறித்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்து (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று வேங்கடேசப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. வேதக் கல்லூரியையும் மாணவர் விடுதியையும் சொல்லும் அதே கல்வெட்டு வீரசோழன் என்ற ஆதுலர் சாலையையும் (மருத்துவமனையையும்) சொல்கிறது. அங்கே படுத்திருக்கும் நோயாளிகள் பதினைந்து பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், மருந்து கொடுக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் கூலி குறிக்கப்பட்டிருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளுக்குப் பட்டியல் உண்டு. இரவில் எரியும் ஒரு விளக்குக்கு எண்ணெயும் உண்டு. அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கான கொடைகளிலும் இதே கண்டிப்புதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாள்தோறும் உழக்கு நெய். கிழடாவதும் சாவதும் போக, குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதால் அவை 'சாவா மூவாப் பேராடுகள்'.

இவையெல்லாம் செலவுத் திட்டம்தானே, நோக்கம் எப்படி ஆகும் என்று கேட்கலாம். 'நோயாளிகளைப் பேணுவோம்' என்று மட்டும் எழுதியிருந்தால், பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டாலும் அது பொய்யாகியிருக்காது. பதினைந்து என்று எழுதியபின் பதினான்காவதோடு நிறுத்தினால் குறை வெளிப்பட்டுவிடும். மீறவே முடியாத வாக்கைக் காப்பாற்றவும் முடியாது. அளவுதான் நல்லெண்ணத்தை வாக்காக்குகிறது.

அளவு வைத்தால் காலம் மாறும்போது கை கட்டப்பட்டுவிடுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். தேவைகள் மாறுவது உண்மை. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டமே அதை ஏற்கிறது. ஏழு பேர் சேர்ந்து, பெயரையும் நோக்கத்தையும் நிர்வாகிகளையும் எழுதிக் கையொப்பமிட்டால் சங்கம் பதிவாகும். நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும்; ஒரு மாதம் கழித்துக் கூடும் கூட்டத்தில் மறுபடியும் ஒப்ப வேண்டும். மாற்றலாம், சத்தமில்லாமல் மாற்றக்கூடாது என்பதே இதன் பொருள். மாறியதைக் கண்டுகொள்ள, முன்பு சொன்னது தெளிவாக இருக்க வேண்டும்.

திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கட்டடத்தைப் பிரிக்கத் தயங்காதவர்கள், கொடுத்த வாக்குகளை மட்டும் விட்டுவிடவில்லை. சுவர் மாறினாலும் பெயர்த்தெழுதத் தக்கதாக, எண்ணோடும் பொறுப்போடும் ஒரு நோக்கத்தை எழுதிவைப்பதுதான் இன்று சங்கம் தொடங்கும் ஏழு பேரின் முதல் தொண்டு.