பாவாடைப் பட்டாளம்

'தொண்டர்' என்றதும் நமக்கு மாநாட்டுப் பந்தலில் தண்ணீர்ச் செம்போடு ஓடுகிறவரின் நினைவு வரும். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் 'வாலண்டியர்' என்றால் ஆளே வேறு. பகலெல்லாம் ஆபீஸில் கணக்குப் பார்த்துவிட்டு, ஒழிந்த நேரத்தில் துப்பாக்கியைத் தோளில் சாத்திக் கவாத்துப் பழகிய துரை அவர். அந்தத் துரைமார்களிலும் ஒரு தனி ஜாதி உண்டு. 1914-ல் கல்கத்தாவில் திரட்டப்பட்ட 'கல்கத்தா ஸ்காட்டிஷ்' படையினர்தாம் அவர்கள். கட்டம் போட்ட பாவாடையை முழங்கால் மட்டும் உடுத்து, தோற்பை வாத்தியம் முழங்க, வங்காளத்து வெயிலில் அவர்கள் நடை பயின்றார்கள்.

அந்தப் பாவாடைக்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. 1746-ல் கல்லோடன் என்ற போர்க்களத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டார் ஆங்கில அரசிடம் தோற்றார்கள். அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அதோடு விட்டார்களா? மலைநாட்டு உடை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் வந்தது. 1782 வரையில் அந்தத் தடை நீடித்தது. ஒரே ஒரு விலக்கு: அரசாங்கப் பட்டாளத்தில் சேர்ந்தவன் அதை உடுத்தலாம்! பாட்டன் உடையை அணிய ஆசைப்பட்டவன், பாட்டனைத் தோற்கடித்தவனுக்காகப் போராட வேண்டியிருந்தது. விசித்திரமான பேரம்தான்.

நூறு ஆண்டுகள் சென்றன. 1859-ல் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வருவானோ என்று இங்கிலாந்து நடுங்கியபோது, ஊர் ஊராகத் தொண்டர் படைகள் கிளம்பின. பிழைப்புக்காக லண்டனில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் சேர்ந்து 'லண்டன் ஸ்காட்டிஷ்' படையை அமைத்தார்கள். தலைவர் எல்கோ பிரபு. எந்தக் குலத்தின் கட்டத்தை உடுத்துவது என்ற சண்டையே எழாதபடி, எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறத் துணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார் அவர். நம் சங்கங்களுக்கும் அப்படி ஒரு தலைவர் வாய்த்தால் தேவலை!

1914 அக்டோபர் 31-ல் அந்தப் படை பெல்ஜியத்தில் மெஸ்ஸீன் என்ற ஊரருகே ஜெர்மானியரை எதிர்த்து நின்றது. லண்டன் தெருக்களில் ஓடிய பஸ்களிலேயே அவர்களைப் போர்முனைக்கு ஏற்றிச் சென்றார்கள். கையில் கொடுத்த துப்பாக்கிகளோ தோட்டாவைச் சரியாக ஏற்கவில்லை. விடிவதற்குள் படையில் பாதிப் பேர் வரையில் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். நேற்றுவரை குமாஸ்தாக்களாக இருந்தவர்கள்!

கல்கத்தா ஸ்காட்டிஷ் அந்த மரபில் வந்தது. ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலைகளிலும் வர்த்தக நிலையங்களிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைந்திருந்த காலம் அது. கடல் கடந்து வந்த இடத்தில் ஊர் ஞாபகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆசைப்பட்டதில் தவறில்லை. ஆனால் அவர்கள் கவாத்துப் பழகிய மண்ணுக்கு உரியவன் எங்கே இருந்தான்? வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தான்.

சென்னையிலும் அதே கதைதான். 1857 கலகத்தின்போது இங்கே 'மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ்' பிறந்தது. அநேகமாக வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே அதில் இடம். 1878-ல் ஆயுதச் சட்டம் வேறு வந்து இந்தியன் கையைக் கட்டிவிட்டது. 1887-ல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடிற்று. பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஆயிரம் விளக்கில், பதுருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய அந்தச் சபை, இந்தியரையும் தொண்டர் படையில் சேர்க்கவேண்டும் என்று கோரியது. சம்பளம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுக்க அனுமதி கேட்டார்கள். அதையும் சர்க்கார் கொடுக்கவில்லை.

முதல் உலக யுத்தத்தில் ஆள் பஞ்சம் வந்த பிறகுதான், 1917-ல், கதவு கொஞ்சம் திறந்தது. 1920-லோ மறுபடியும் நடுவே சுவர் எழுப்பினார்கள். வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை. நமக்குத் தனியாகப் பிரதேசப் படை. கல்கத்தா ஸ்காட்டிஷ் அந்தத் துணைப்படையில் சேர்ந்து, 1947-ல் கலைந்தது.

ஆயுதமும் உடையும் பறிபோவது எப்படி என்று ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், இன்னொரு ஜனசமூகம் நிராயுதபாணியாக நின்றபோது அவர்களுடைய வாத்தியம் உற்சாகமாகவே ஒலித்தது. அடிபட்டவன் அடிபடுகிறவனைப் புரிந்துகொள்வான் என்று நாம் நம்புகிறோம். சரித்திரம் அந்த நம்பிக்கையை எப்போதும் காப்பாற்றுவதில்லை.

1949 அக்டோபர் 9-ல் சுதந்திர இந்தியாவின் பிரதேச சேனையைக் கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்தார். அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் ஓய்ந்த நேரத்தில் போர்ப்பயிற்சி பெறலாம் என்றாயிற்று. ஆயிரம் விளக்கில் வைத்த கோரிக்கைக்கு அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. பதில் சொன்னவர் வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர். அந்தத் தோற்பை வாத்தியம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இன்று அதை ஊதுகிறவர்கள் இந்தியச் சிப்பாய்கள்!