கண்டியில் வளர்ந்த ஒரு சிறுமந்தை

கண்டி மாநகரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தலதா மாளிகையும், பெரகராவும், கடைசி மன்னன் அமைத்த வாவியும் முதலில் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் அந்த வாவி அமைவதற்கு நூறாண்டுகட்கு மேலாக முன்னரே, அதே பள்ளத்தாக்கில் ஒரு சிறு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. அதன் குருவானவர் கோவாவிற் பிறந்த கொங்கணியர்; யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசிப் பழகியவர். அதன் சபையாருட் பலர் போர்த்துக்கேயச் சிறைக்கைதிகளின் வழித்தோன்றல்கள். அதற்கு நிழல் தந்தவனோ பௌத்த மன்னன் ஒருவன். இந்த விசித்திரமான கூட்டு எங்ஙனம் ஏற்பட்டது என்பதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டில் கொழும்பையும், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் புரட்டஸ்தாந்து மதத்தினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கண்டி இராச்சியத்தில் அக்கட்டளை செல்லாது. ஆனால் அங்கும் நிலைமை நன்றாக இருந்ததென்று கூறுவதற்கில்லை. இரண்டாம் இராசசிங்கன் போர்க் கைதிகளாகப் பிடித்த போர்த்துக்கேயரையும் அவர்தம் குடும்பத்தினரையும் வாகக்கோட்டை, ருவன்வெல்லை முதலிய ஊர்களில் குடியேற்றியிருந்தான். அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து, உள்ளூர் மொழியைப் பேசி, பெயரளவிற் கிறிஸ்தவராய் வாழ்ந்தனர். குருவானவரில்லாத சபை இரண்டு தலைமுறைக்கு மேல் நிலைப்பது அரிது. அந்த இரண்டாவது தலைமுறையின் இறுதிக் கட்டத்திலேதான் யோசேவாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். 1685இல் கோவாவிலே இந்தியக் குருமாருக்கென ஒரத்தோரியன் சபையை நிலைநாட்டினார். இலங்கையில் குருமாரின்றி ஒரு திருச்சபை அநாதையாய்க் கிடக்கின்றது என்று கேள்வியுற்று, யோவான் என்னும் ஊழியன் ஒருவனை மட்டும் துணைக்கொண்டு, 1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி யாழ்ப்பாணத்தை அடைந்தார். பிச்சைக்காரக் கோலம்; கழுத்திற் செபமாலை. அந்தச் செபமாலையை எவன் உற்றுநோக்குகிறானோ அவனே கத்தோலிக்கன் என்று கண்டுகொள்வது அவர் உபாயம். சில்லாலைக் கிராமத்தவர் அவருக்குப் புகலிடம் அளித்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், நள்ளிரவுப் பூசைக்கெனக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தச் சேவகர் சுற்றி வளைத்துச் சிறைப்படுத்தினர். அடிகளார் மட்டும் தப்பினார். அதன் பின்னர், கண்டி மன்னனுடைய ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற் சிறிது காலந் தங்கி, 1692இல் மலைநாட்டை நோக்கி நடந்தார்.

கண்டியில் அவருக்குக் கிடைத்த முதல் வரவேற்பு சிறைவாசம். லா நெரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், இவர் குருவானவர் அல்லர், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரண்மனையிற் கூறிவிட்டார். இந்த லா நெரோல் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பற்படையின் தூதுவராகக் கண்டிக்கு வந்து, மரியாதை தவறி நடந்தமையால் இரண்டாம் இராசசிங்கனாற் பல்லாண்டுகள் மறித்துவைக்கப்பட்டவர் அவர். தாமே நெடுநாட் கைதியாயிருந்தவர் மற்றொருவரைச் சிறைக்கனுப்பினார். மதப்பகை மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்!

அடிகளார் சிறையிலிருந்த காலத்தை வீணாக்கவில்லை. காவலரிடமும் அயலாரிடமும் சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும், இருந்த இடத்திலேயே ஒரு சிறு குடிலை எழுப்பிப் பூசை செய்தார். செய்தி மெல்லப் பரவியது. பிறந்தது முதல் ஒரு குருவானவரையும் கண்டறியாத கிறிஸ்தவர்கள் அங்கு வந்து ஞானஸ்நானம் பெற்றனர். பின்னர் ஒரு கடும் வறட்சிக் காலத்தில், மன்னன் அவரையும் மழைக்காக மன்றாடுமாறு கேட்டான் என்றும், அவர் பீடமமைத்துச் செபித்த இடத்தை நனைக்காது சுற்றிலும் மழை பொழிந்தது என்றும் ஒரு வரலாறு வழங்கி வருகின்றது. பக்தர் இதனை அற்புதம் என்பர். ஏனையோர் பருவமழை என்பர். அந்த வழக்கை நாம் இங்குத் தீர்க்க வேண்டியதில்லை. அதன் பின்னர் அவருக்கு நகரில் நடமாடும் சுதந்திரம் கிடைத்தது என்பதே நம் கதைக்கு வேண்டிய செய்தி. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவன். பௌத்த சங்கத்தைப் புதுப்பிப்பதற்காக அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்தவனும் அவனே. அப்படிப்பட்டவன் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு இடமளித்தான் என்பதுதான், என் எண்ணத்தில், மழையைவிட அரிய செய்தி.

ஒன்பது ஆண்டுகட்கு மேலாக இத்தீவு முழுவதற்கும் ஒரே குருவாக அடிகளார் அலைந்தார். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, கால்நடையாகவே புத்தளம், மன்னார், கொழும்பு எனச் சுற்றித் திரும்புவார். ஒல்லாந்தர் பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் வேடம் மாற வேண்டும். கோவாவுக்கு அவர் அனுப்பிய கடிதங்களின் சாரம் ஒன்றேதான்: மந்தை பெருகுகின்றது, மேய்ப்பர் வேண்டும். ஒவ்வோராண்டும் அடுத்த ஆண்டிலாவது ஆள் வருமா என்ற எதிர்பார்ப்புடனேயே கழிந்தது. ஈற்றில் யோசேப் தெ மெனெசெஸ், யோசேப் தெ கார்வாலோ என்னும் இரு குருமார் வந்து சேர்ந்தனர். பின்னவர் அடிகளாரின் உறவினர்.

அவர்கள் வந்தது நல்ல வேளையாயிற்று. 1697இற் கண்டி நகரை வைசூரி தாக்கியது. அந்நோய்க்கு அஞ்சாதார் அந்நாளில் எவருமிலர். மன்னன் நகரை விட்டு நீங்கினான், பிரதானிகள் நீங்கினர், நோயுற்றோரை உற்றார் காடுகளில் விட்டு ஓடினர். அடிகளாரும் கார்வாலோவும் மட்டும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் மனைகளாக்கினர். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். கிறிஸ்தவர், பௌத்தர், சைவர், முஸ்லிம் என்ற வேறுபாடு அங்கு இருக்கவில்லை. இந்த நோய்க்காலமே கண்டிச் சபையின் உண்மையான அத்திவாரம் என்பேன். பிரசங்கத்தினால் வந்தவர்களைவிட, அந்தக் கஞ்சிப் பானையைக் கண்டு மனமிளகியவர்களே அதிகமாயிருந்திருத்தல் வேண்டும்.

இனி, சபையை அவர் ஒழுங்குபடுத்திய முறையைத் தமிழ் நேயர்கள் சிறப்பாகக் கவனித்தல் தகும். குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. ஆகவே ஊர்தோறும் பொதுமக்களிலிருந்தே தலைவரை ஏற்படுத்தினர். ஆலயக் காரியங்களைப் பார்ப்பவர் மூப்பர். செபங்களைச் சொல்லிக்கொடுத்து வழிநடத்துபவர் அண்ணாவியார். குருவானவர் ஆண்டுக்கொருமுறையே வந்தாலும் ஞாயிறுதோறும் செபம் நின்றுவிடாது. இவ்விரண்டு தமிழ்ச் சொற்களும் சிங்களக் கத்தோலிக்கரிடையே ‘முப்பு’ என்றும் ‘அன்னாவி’ என்றும் இன்றுவரை வழங்குகின்றன. ஒரு சொல் மொழியெல்லையைக் கடப்பதற்கு அந்தச் சொல்லைச் சுமந்தவர்களின் உழைப்பு வேண்டும்.

1705இல் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் வந்தார். சிங்களத்திலும் தமிழிலும் சமய உரைநடைக்குப் புது வழி வகுத்தவர் இவர். யேசுநாதரின் பாடுகளைப் பற்றிச் சிங்களத்தில் ‘துக்பிராப்தி பிரசங்கய’ என்ற நூலையும், தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ என்ற நூலையும் யாத்தார். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் இராகத்துடன் வாசிக்கக் கேட்கும் அப்பிரசங்கம், மலைநாட்டிலும் கடற்கரையிலும் ஒளித்தும் வெளிப்பட்டும் உழைத்த ஒருவரின் கையிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார்.

யோசேவாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே உயிர்நீத்தார். அப்போது அரியணையிலிருந்தவன் நரேந்திரசிங்கன். தந்தையைப் போலவே அவனும் குருமாரிடம் நன்மதிப்புடையவன். மூப்பர் முறையும், இரு மொழியிலும் நூல்களும், மேலும் பல குருமாரும் கொண்ட சபையாக அது வளர்ந்துவிட்டிருந்தது. ஆனால் மன்னனின் நல்லெண்ணத்தை நம்பி நின்ற சபை, அந்த நல்லெண்ணம் மாறியதும் ஆட்டங்கண்டது. 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் பட்டத்துக்கு வந்தபின் காற்றுத் திரும்பியது. சில ஆண்டுகளில் குருமார் வெளியேற்றப்பட்டனர். கண்டி ஆலயம் அழிக்கப்பட்டது. அதனுள் அடக்கஞ் செய்யப்பெற்ற அடிகளாரின் கல்லறை எங்கே என்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை. போகம்பரைப் பகுதியில் இருந்திருக்கலாம் என்று நம்பப்படுகின்றது; அவ்வளவே.

இடையில் ஒரு நீண்ட மௌனம். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருட் கத்தோலிக்கரும் இருந்தனர். இங்ஙனம் மலைநாட்டுச் சபைக்கு இரண்டாவது தொடக்கம் ஏற்பட்டது. இம்முறை அதன் பெரும்பகுதி தமிழ் பேசியது. 1886இல் கண்டி தனி மறைமாவட்டமாயிற்று. 1893இல் இந்தியா, இலங்கை இரண்டுக்கும் பொதுவான பாப்பரசர் குருமடம் இங்கே தொடங்கப்பட்டது. அது 1955இற் பூனா நகருக்குச் சென்றுவிட, அம்பிட்டியவில் இலங்கையின் தேசியக் குருமடம் அதே ஆண்டில் உருவாயிற்று. கோவாவிலிருந்து ஒரு குருவாவது வரமாட்டாரா என்று வழிபார்த்திருந்த ஊர், தானே குருமாரை உருவாக்கும் ஊராக மாறியது. 1995இற் கொழும்பு காலிமுகத்திடலில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட அடிகளார், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அதே திடலிற் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

வாகக்கோட்டையின் கதையை மட்டும் கூறி முடிக்கிறேன். கண்டி ஆலயம் அழிந்தபோதும் மாத்தளைப் பக்கத்து அந்தச் சிற்றூர் அழியவில்லை. குருவானவரில்லாத பல்லாண்டுகளில் அவ்வூரார் தம் முன்னோரின் செபங்களைத் தாமே சொல்லி, தம் பிள்ளைகளுக்கும் கற்பித்து வந்தனர். போர்த்துக்கேய மொழி மறந்துபோயிற்று, நிறமும் மாறிப்போயிற்று, செபம் மட்டும் நின்றது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் சிங்களவரும் தமிழரும் கூட்டங்கூட்டமாக யாத்திரை செல்கின்றனர்.